பதினான்காம் எண் வீட்டுப் புள்ளி

தன் வீட்டில் ஓர் ஆபத்தான ஆள் குடியிருக்கிறான் என்ற செய்தி ஓரின் டெக்கருக்குத் தபாலில்தான் வந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிற அட்டை. மேலே ப்ரூக்கர் கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் நட்சத்திரம். கீழே கொட்டை எழுத்தில்: 'உங்கள் பாதுகாப்புக்காக. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உள்ள ஒருவர் எல்டர் தெரு 14ஆம் எண் வீட்டில் வசிக்கிறார். குழந்தைகளை எச்சரித்து வையுங்கள்.'

டெக்கர் முதல் காரியமாக வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். அதற்கப்புறம்தான் முகவரியை இரண்டாம் தடவை படித்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கதவின்மேல் இருந்த பித்தளை எண்களைப் பார்த்தார். ஒன்று, நான்கு. திரும்ப உள்ளே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று துணி அலமாரியைத் திறந்து பார்த்தார். இரண்டு கோட்டும், செத்துப்போன மனைவி லோர்னாவின் மழைக்குடையும்தான் இருந்தன.

சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருஷம் அந்தக் கவுண்டியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷர். காகிதம் ஒன்று சொல்லி, கண் இன்னொன்று சொன்னால், குனிந்து நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். எழுபத்தொரு வயதில் அதை எங்கே கொண்டு போய் விடுவது?

அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச்சில் லோர்னா போனாள். ஊருக்கு வெளியே சோளக்காட்டு நடுவில் இருந்த பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடக்க முடியவில்லை. விற்றுவிட்டு எல்டர் தெருவுக்கு வந்தார். காரணம் ஒன்றே ஒன்று: மகள் லினெட் வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. லினெட்டுக்கு ஒரு பெண் குழந்தை, ஹேட்டி, ஆறு வயது. சனிக்கிழமை காலையானால் ஹேட்டி வந்துவிடுவாள். தாத்தா தவளை மாதிரி பேன்கேக் சுட்டுக் கொடுப்பார். தவளைக்குக் கண் வைக்க இரண்டு அவுரிநெல்லிப் பழம். ஹேட்டிக்குத் தவளை என்றால் உயிர். கட்டை விரல் இருக்கும் இடத்தில் உருண்டைக் கண் முழிக்கும் பச்சை ரப்பர் பூட்ஸ் ஒன்றை அவர் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, வெயிலாவது மழையாவது, அவள் அதைக் கழற்றுவதில்லை.

இன்னொரு ஆசையும் மனுஷருக்கு இருந்தது. அந்தச் சோளக்காட்டு வீட்டில் முப்பது வருஷமாக, அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு ஒரு பிள்ளைகூட வந்து கதவு தட்டியதில்லை. லோர்னா வருஷா வருஷம் மிட்டாய் வாங்கி வைப்பாள், வருஷா வருஷம் அவர்கள் இரண்டு பேருமே தின்று தீர்ப்பார்கள். இப்போதுதான் பிள்ளைகள் நடமாடும் தெருவுக்கு வந்திருக்கிறார். செப்டம்பரிலேயே ஒரு மூட்டைச் சாக்லெட் வாங்கி சமையலறை அலமாரியில் வைத்துவிட்டார்.

"நான் தவளை வேஷம் போட்டுக்கிட்டு முதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவேன் தாத்தா" என்று ஹேட்டி சொல்லியிருந்தாள்.

ஆரஞ்சு அட்டை ஆயிரம் அடிச் சுற்றுவட்டத்தில் இருந்த அத்தனை வீட்டுக்கும் போயிருந்தது. மறுநாள் காலை எதிர்வீட்டு டார்லீன் கோவாக் வந்தாள். டெக்கர் குடிவந்த அன்று கோழியும் நூடுல்ஸும் வைத்துச் சுட்ட கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "புது இடம், அடுப்பு பத்த வைக்கக்கூடத் தோணாது, சாப்பிடுங்க" என்று கொடுத்தவள் அவள்தான். இன்று படியேறாமல் புல்தரையின் ஓரத்திலேயே நின்றாள்.

"என் பாத்திரம் வேணும்."

"உள்ள வாங்களேன், காப்பி போடறேன். அந்த அட்டை விஷயமா நானே உங்ககிட்ட—"

"பாத்திரத்தைப் புல்லு மேல வச்சிட்டு நீங்க உள்ள போயிடுங்க."

வைத்தார். உள்ளே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பாத்திரத்தை எடுத்தாள். அவர் நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்த பாத்திரம். அதைத் தன் தோட்டத்துக் குழாயைத் திறந்து நாலு நிமிஷம் கழுவினாள். பழைய வேலை புத்தி, நாலு நிமிஷத்துக்கு எத்தனை காலன் தண்ணீர் ஓடும் என்று டெக்கர் மனசுக்குள் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் அழுகை வந்தது.

அன்று மாலை லினெட் போன் செய்தாள். "அப்பா, அட்டையைப் பாத்தேன். தப்பா வந்திருக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா ஹேட்டியோட அப்பன் க்ரெக்கோட வக்கீலும் பாத்திருப்பான். விவாகரத்துத் தீர்ப்புலயே எழுதியிருக்கு, அந்தப் பதிவேட்டுல இருக்கற வீட்டு வாசப்படியை ஹேட்டி மிதிச்சா குழந்தை அவங்கப்பன்கிட்ட போயிடும். இதைச் சரி பண்ற வரைக்கும் சனிக்கிழமை வெளியில எங்கயாவது பாத்துக்கலாம்."

"ரெண்டு நாள் வேலைம்மா இது" என்றார் டெக்கர். "போய்ச் சொன்னா மாத்திடப் போறாங்க."

பதிவேட்டுப் பிரிவு ஷெரிஃப் அலுவலகத்தின் நிலவறையில் இருந்தது. கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதில் வெளியே நடைபாதையில் போகிறவர்களின் செருப்பும் கணுக்காலும் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மிஸ் ஹாட்ச் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிரிவே அவள்தான்.

"விசாரிச்சுட்டேங்க. க்ளைட் ரென்ஃப்ரோன்னு ஒருத்தர் எனக்கு முன்னாடி அந்த வீட்ல வாடகைக்கு இருந்திருக்காருங்க" என்றார் டெக்கர். "உங்க பதிவேட்டுல இருக்கறது அவருதான். ஏப்ரல்லயே செத்துட்டாரு."

மிஸ் ஹாட்ச் கணினியைத் தட்டினாள். "வீடு மாத்தினதா அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

"செத்துட்டாரும்மா."

"அது புரியுது சார். வீடு மாத்தினா மூணு நாளுக்குள்ள அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். போடல. அதனால இப்ப அவர்மேல ரெண்டாவது குத்தமும் ஏறியிருக்கு."

"அவர் எப்படிங்க வருவாரு?"

"அதை அவர்தான் வந்து விளக்கணும்."

டெக்கர் அடுத்த வாரம் இறப்புச் சான்றிதழோடு வந்தார். அதை வாங்க எத்தனை அலுவலக வாசல் ஏறி இறங்கினார் என்பது தனிக்கதை. மிஸ் ஹாட்ச் அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே! புதைச்ச இடம் இதுலயே போட்டிருக்கு. அவரோட முகவரியை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு மாத்திட்டாப் போச்சு." தட்டினாள். கணினி வாத்து மாதிரி ஒரு சத்தம் போட்டது. "அடடா. ஆகாது சார்."

"ஏங்க?"

"கல்லறைத் தோட்டத்துக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் நடுவுல அறுநூறு அடிதான் இருக்கு. சட்டப்படி ஆயிரம் அடி தள்ளி இருக்கணும். அவர் அங்க வசிக்கவே கூடாது."

"அங்கதானே இருக்காரு!"

"அப்ப அது மூணாவது குத்தம். எழுதிக்கட்டுமா?"

டெக்கர் யோசித்தார். ரென்ஃப்ரோ யாரோ எவரோ. யாருக்கோ பெரிய கெடுதல் செய்துவிட்டுத்தான் இந்தப் பதிவேட்டுக்கு வந்திருப்பான். இருந்தாலும் மண்ணுக்குள் கிடப்பவனைப் போட்டுக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "வேண்டாங்க. பேரை அப்படியே எடுத்துட முடியாதா?"

"எடுக்கறதுக்குப் பொத்தானே கிடையாது சார். சேக்கறதுக்குத்தான் இருக்கு." பிறகு அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும், குரலைத் தணித்தாள். "வேற ஒரு வழி இருக்கு. முகவரிப் பொறுப்பேற்புப் படிவம். இப்ப அந்த வீட்ல யார் இருக்காங்களோ அவங்க கையெழுத்துப் போட்டா ரென்ஃப்ரோ பேரு அந்த வீட்டை விட்டுப் போயிடும்."

"போயிடுமா?"

"அடுத்த நிமிஷமே."

வாழ்நாள் முழுக்க எந்தப் படிவத்தையும் பாதியில் விட்டவரில்லை டெக்கர். வாசகத்தைவிடக் கட்டங்களைத்தான் பார்த்தார்; ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். பிறந்த தேதி, உயரம், எடை, உடம்பில் இருக்கும் தழும்பு. இடது முழங்காலில் நாய் கடித்த தழும்பு ஒன்று உண்டு, அதையும் விடாமல் எழுதினார். மிஸ் ஹாட்ச் பத்து விரலையும் ரேகை எடுத்தாள். "நேரா பாருங்க. சிரிக்காதீங்க" என்று படம் பிடித்தாள். எவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறார்கள் என்று வெளியே வரும்போது அவருக்கு மெச்சத்தான் தோன்றியது.

புதன்கிழமை புது ஆரஞ்சு அட்டை வந்தது. சொன்னபடியே ரென்ஃப்ரோ அந்த வீட்டை விட்டுப் போயிருந்தான். முன்பு 'ஒருவர்' என்று இருந்த இடத்தில் இப்போது ஓரின் டெக்கர் என்று இருந்தது. பக்கத்தில் சிரிக்காத முகம்.

"என்னப்பா பண்ணித் தொலைச்ச?" போனில் லினெட் அழுதாள். "ஷெரிஃப் வரைபடத்துல நேத்து வரைக்கும் வீட்டு மேலதான் சிவப்புப் புள்ளி இருந்துச்சு. இப்ப உன் தலை மேல இல்ல இருக்கு! இனிமே சாப்பாட்டுக் கடையில வச்சுக்கூட அவளை உன்கிட்ட காட்ட முடியாதுப்பா."

மிஸ் ஹாட்சிடம் ஓடினார். அவள் படிவத்தை எடுத்துக் காட்டினாள். 'பதிவுசெய்யப்பட்ட முகவரிக்குரிய எல்லாப் பொறுப்புகளையும் நான் ஏற்கிறேன்.' கீழே அவர் கையெழுத்து, தேதியோடு. "ஒரு முகவரி பதிவேட்டுல இருந்தா, அதுக்கு ஓர் ஆள் இருந்தே ஆகணும் சார். காலியா விட்டா ஜனங்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்றாள்.

அக்டோபர் முதல் வாரம் தீயணைப்பு நிலையத்தில் ஷெரிஃப் ப்ளெட்சோ பொதுமக்கள் கூட்டம் போட்டார். நவம்பரில் அவருக்குத் தேர்தல். பெரிய திரையில் கவுண்டி வரைபடம், அதில் சிவப்புப் புள்ளிகள். டெக்கர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அந்த வரிசை காலியானது. அதற்கு முன் வரிசையும் காலியானது.

"நான் பதவிக்கு வந்தப்ப இந்த வரைபடத்துல இருநூத்திப் பன்னிரண்டு புள்ளி இருந்துச்சு" என்றார் ஷெரிஃப். "இன்னிக்கு நானூத்தி முப்பது! அதாவது நம்ம பிள்ளைங்க ரெண்டு மடங்கு பாதுகாப்பா இருக்காங்க. என்னை மறுபடி தேர்ந்தெடுத்தா ஆயிரத்தைத் தொட்டுக் காட்டறேன்."

கை தட்டினார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இதனால பிள்ளைங்களுக்கு நடக்கற கெடுதல் குறைஞ்சிருக்குதாங்க?"

"நல்ல கேள்வி. கெடுதலை எண்ணறது எங்க துறை இல்லம்மா. நாங்க புள்ளியைத்தான் எண்ணறோம்."

"பெரும்பாலும் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க மூலமாத்தான் நடக்குதுன்னு சொல்றாங்களே?"

"அவங்க இன்னும் பதிவேட்டுல இல்லையேம்மா. பதிவேட்டுல இல்லாதவங்களைப் பத்தி நான் எப்படி எச்சரிக்க முடியும்?" ஷெரிஃப் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பயப்படறதுக்கு ஜனங்களுக்கு ஒரு முகவரி வேணும். அதைக் கொடுக்கறதுதான் என் கடமை."

டெக்கர் எழுந்தார். "ஷெரிஃப், நான் பதினான்காம் நம்பர் வீடு. நான் ஒரு தப்பும் பண்ணலிங்க. இங்க பாதிப்பேர் வீட்டு மீட்டரை நான்தான் பாத்திருக்கேன். உங்க வீட்டு மீட்டரே தோட்டத்துப் பக்கம், ரோஜாச் செடிக்குப் பின்னாடிதானே இருக்கு?"

ஒரு தாய் பக்கத்திலிருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இவன் நம் வீட்டுக் கொல்லைவரை வந்து போயிருக்கிறானா! மறுநாள் வரைபடத்தில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: 'வீடுகளின் அமைப்பை நன்கு அறிந்தவர்.'

அன்றிலிருந்து தெருவில் அவரோடு பேச ஒரு ஜீவன் இல்லை. அவர் வந்தால் தபால்காரர்கூட எதிர்ப்பக்கம் போனார். ஒரு காலத்தில் கவுண்டியில் எந்த வேலிக்கதவைத் திறந்தாலும் "வாங்க ஓரின்" என்று ஒரு குரல் கேட்கும். கடித்த நாய்கூட அப்புறம் சிநேகமாகிவிட்டது. இப்போது வாரம் ஒரு முறை, திங்கள் பத்து மணிக்கு, சோதனைக்கு வரும் துணை ஷெரிஃப் பர்விஸ் ஒருவன்தான் கதவைத் தட்டினான்.

"இங்கதான் இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன்."

எழுதிக்கொண்டு போய்விடுவான். அந்த இரண்டு வார்த்தைக்காக டெக்கர் ஞாயிற்றுக்கிழமையே முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். காப்பி போட்டு வைத்தார். குடிக்க விதியில் இடமில்லை என்றான் பர்விஸ். "அப்ப உள்ள வந்து பாருங்களேன். கொல்லைப் பக்கம் பாக்கலியே? நான் அங்கயும்தான் இருப்பேன்" என்றார் டெக்கர். பர்விஸ் அதையும் எழுதிக்கொண்டான்.

ஒரு வழி மட்டும் பாக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் நிலவறையில் திருந்தும் வகுப்பு. அதில் தேறினால், அதிகாரி ஒருவர் கூட இருக்க, மாதம் ஒரு மணி நேரம் பேத்தியைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் என்றால் எத்தனை பேன்கேக்! டெக்கர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

பாடம் நடத்தியதும் மிஸ் ஹாட்ச்தான். மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாள். வட்டமாக நாற்காலி. ஒவ்வொருவரும் எழுந்து பெயரையும், செய்த குற்றத்தையும் சொல்ல வேண்டும். டோபி என்ற பையன், இருபத்து நாலு வயது, பேஸ்பால் ஆட்டம் முடிந்து அவசரத்துக்கு ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கியவன். "புதரைத் தேர்ந்தெடுத்தது நானே. அதுக்கு முழுப் பொறுப்பும் நானே" என்று ஒப்பித்தான். தேறிவிட்டான். வெர்னன் என்ற அறுபது வயதுக்காரர், சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறவர். தான் செய்ததைத் தண்ணீர் மாதிரி கடகடவென்று சொன்னார். நிஜமாகவே செய்தவர். கேட்ட டெக்கர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். வகுப்பில் அவர்தான் முதல் மதிப்பெண்.

"நான் ஒண்ணுமே செய்யலிங்க" என்றார் டெக்கர்.

"மறுப்பு" என்று மிஸ் ஹாட்ச் கனிவோடு எழுதிக்கொண்டாள். "எல்லாரும் அங்கருந்துதான் ஆரம்பிப்பாங்க."

"நிஜமாவே ஒண்ணும் செய்யாதவன் வந்தா அவன் என்னங்க சொல்லுவான்?"

"இதையேதான் சொல்லுவான். அதனாலதான் அதை நாங்க ஏத்துக்கறதில்ல."

இடைவேளையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வெர்னன் சிநேகமாக வந்து நின்றார். "உங்களை மாதிரி ஆளுங்க வர வர எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? முன்ன வரைபடத்துல எங்க பக்கம் நான் ஒரே புள்ளி. ஊரே என்னைத்தான் பாத்துச்சு. இப்ப அம்மை போட்ட மாதிரி ஊர் முழுக்கப் புள்ளி. யாரு எதைன்னு பாப்பாங்க?" என்று சிரித்தார். "நிறைய பேரைச் சேக்கட்டும். நல்லது."

டெக்கர் காப்பியைக் கீழே வைத்தார். நேரே மிஸ் ஹாட்சிடம் போய்ச் சொன்னார். அவள் அவருடைய கோப்பில் எழுதினாள்: 'பழியை அடுத்தவர்மேல் போடுகிறார்.'

லினெட் போனில் கெஞ்சினாள். "செஞ்சேன்னு சொல்லிட்டுத்தான் வாயேன்ப்பா. வெறும் காகிதம்தானே? ஹேட்டி தினம் உன்னைக் கேக்கறா. பள்ளிக்கூடத்துல வேற பிள்ளைங்க என்னத்தையோ சொல்லியிருக்கு. 'எங்க தாத்தா அதுல இல்ல'ன்னு சண்டை போட்டுட்டு வந்து நிக்கறா."

"சொல்லிடலாம்மா. எழுதி வச்சிருவாங்களே."

"வச்சா வச்சிட்டுப் போறாங்க!"

"நாளைக்கு அவ படிக்கக் கத்துக்குவாளேம்மா" என்றார் டெக்கர்.

அக்டோபர் கடைசித் திங்கள் பர்விஸ் வரும்போது கையில் ஒரு பலகை இருந்தது. 'இங்கே மிட்டாய் கிடையாது.' அதைக் கதவில் அவனே ஆணியடித்து மாட்டினான். "ஹாலோவீன் அன்னிக்கு சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் இந்த ஊர்ல பதிவேட்டுல இருக்கறவங்க எல்லாம் நிலவறைக்கு வந்துடணும். வீட்ல மிட்டாய் ஏதாவது இருக்கா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷரை என்ன செய்வது? சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார்.

"மூட்டையா!" பர்விஸ் ஓரடி பின்வாங்கினான். "எதுக்கு இவ்வளவு?"

"பிள்ளைங்க வருவாங்கன்னு வாங்கினேன்."

பர்விஸ் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். போகும்போது ரசீது கொடுத்தான். பர்விஸ் அவ்வளவு நேரம் உள்ளே இருந்ததே இல்லை. அவன் போன பிறகு வீடு இன்னும் வெறிச்சோடியது.

ஹாலோவீன் அன்று ஐந்து மணிக்கு நிலவறையில் அறுபது பேர் இருந்தார்கள். சுற்றிலும் நீள மேசைகள். நல்லெண்ண அடையாளமாக நடுவில் ஒரு பரங்கிக்காய் வைத்திருந்தார்கள். ஹாலோவீனுக்கு வழக்கமாகச் செதுக்கும் முகம் அதில் இல்லை, ஏனென்றால் கத்தி அனுமதியில்லை. அறையைச் சூடாக்கும் குழாய் தகித்ததால் கூரையோரத்து ஜன்னலை ஒரு சாண் திறந்திருந்தார்கள். அதன் வெளிப்பக்கம் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அதன் வெள்ளை முதுகுதான் தெரிந்தது.

மேலே வாகன நிறுத்தத்தில் ஷெரிஃப் ப்ளெட்சோவின் 'பாதுகாப்பான மிட்டாய் விழா'. வீடு வீடாகப் போனால் ஆபத்து என்று ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் அங்கே வரச் சொல்லியிருந்தார். ஆக, ஊரில் பதிவேட்டில் இருப்பவர்களும் பிள்ளைகளும் அன்று ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஷெரிஃபின் குரல் ஜன்னல் வழியாகக் கணீரென்று வந்தது.

"வாங்க வாங்க! இந்தா கண்ணு, சாக்லெட். எல்லாம் பறிமுதல் பண்ணின சரக்கு, ஒண்ணுவிடாம சோதிச்சது! பர்விஸ், அந்த மூட்டையை அவுருப்பா."

டெக்கருக்குத் தன் மூட்டை என்று தெரிந்தது. கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வரவில்லை. எப்படியோ பிள்ளைகள் கைக்குப் போகிறதே, லோர்னா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜன்னலில் கால்கள் போயின. சூனியக்காரியின் கறுப்புக் காலுறை, எலும்புக்கூட்டுக் கால், ஏதோ ஒரு இளவரசியின் மினுக்குச் செருப்பு. டெக்கர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு ஜோடி பச்சை ரப்பர் பூட்ஸ் வந்தது, உருண்டைக் கண் முழித்துக்கொண்டு.

அது போகவில்லை. ஜன்னலுக்கு நேராக நின்றது.

ஏழு வாரமாகிவிட்டது அவளைப் பார்த்து. பூட்ஸுக்குள் கால் வளர்ந்திருக்குமா, கடிக்கிறதா என்று அவருக்குத் தோன்றியது. தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கூப்பிட்டுவிடுவோம் என்று வாயைத் திறந்தார்.

"ப... தி... வு" என்றது மேலே ஒரு சின்னக் குரல்.

அறிவிப்பைப் படிக்கிறாள். படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"செய்... யப்... பட்ட... குற்... ற... வா... ளி... கள்." பூட்ஸ் மடங்கியது. எழுத்து தெரியவில்லையென்று குந்துகிறாள். பச்சைப் பாவாடையின் நுனி நடைபாதையில் புரண்டது. "உள்... ளே... இருக்... கிறார்... கள்."

வாக்கியம் முடிந்துவிட்டது. இனி அவள் செய்யப்போவது ஒன்றுதான். யார் பேத்தி அவள்? காகிதம் ஒன்று சொன்னால் குனிந்து நேரில் பார்க்காமல் போவாளா?

எழுபத்தொரு வயது ஓரின் டெக்கர் மேசைக்கடியில் விழுந்து புகுந்தார். முழங்கால் தரையில் மோதிய வலியில் உயிரே போவதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, குற்றம் செய்தவன் எப்படி ஒளிவானோ அப்படி ஒளிந்து கிடந்தார். ஒன்றும் செய்யவில்லை என்று ஆறு வாரமாக நிமிர்ந்து நின்று சொன்ன மனுஷர்.

மிஸ் ஹாட்ச் இதைப் பார்த்துவிட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் பாருங்க" என்றாள். "இதுக்குத்தான் இத்தனை வாரம் பாடுபட்டது. முதல் தடவையா மனுஷருக்கு வெக்கம் வந்திருக்கு." கோப்பை எடுத்து, 'மறுப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதினாள்: 'பொறுப்பை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். தேர்ச்சி.' வெர்னன்தான் முதலில் கை தட்டினார். பிறகு அறுபது பேரும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்போது ஜன்னல் வழியாக அந்தக் குரல் மறுபடி கேட்டது. தலைகீழாகக் குனிந்து பார்த்ததில் மூச்சு வாங்கியது குழந்தைக்கு.

"நல்லாப் பாத்தேன்ம்மா. எல்லாரையும் பாத்தேன். நான் சொன்னேன்ல? தாத்தா இதுல இல்ல!"

"வா கண்ணு, போலாம்" என்றது லினெட்டின் குரல்.

ரப்பர் பூட்ஸ் தப்தப்பென்று நடந்து போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை டெக்கர் மேசைக்கடியிலேயே, மூச்சுக்கூட விடாமல், இருந்தார்.